மேலூர் வெயிலுக்கு ஒரு கணப்பு அடுப்பு

போன சனிக்கிழமை ஊருக்குப் போயிருந்தேன். மேலூர்ல எங்க பழைய ஓட்டு வீட்டை இடிச்சுட்டு தளம் போட்டுக் கட்டுறதா முடிவாகியிருக்கு. இன்ஜினியர் போட்டுக் கொடுத்த பிளானை திண்ணையில விரிச்சு, பறக்காம இருக்க நாலு மூலைக்கும் நாலு ஓட்டுச் சில்லை வச்சு, சுத்தி உக்காந்திருந்தோம். மணி பதினொண்ணுதான். அதுக்குள்ள சட்டை முதுகோட ஒட்டிக்கிச்சு. கரண்ட் வேற இல்லை. பெரியப்பா பனை ஓலை விசிறியை வீசிக்கிட்டே ஆரம்பிச்சார். "அடுப்படியில மண் அடுப்பு கண்டிப்பா இருக்கணும்ப்பா. எங்க ஆத்தா சமைச்ச எடம் அது."

அதே நேரத்துல டல்லாஸ்ல இருந்து அண்ணன் (பெரியப்பா பையன்தான்) வீடியோ கால்ல இருக்காரு. அங்க நடுராத்திரி. "டேய், ஹால்ல ஒரு ஃபயர்பிளேஸ் வைக்கச் சொல்லுடா. இங்க எங்க வீட்டுல இருக்க மாதிரி. நிஜ நெருப்பு வேணாம், கரண்ட்ல எரியுற மாதிரி காட்டுறது இருக்கு. லுக்கு சும்மா அள்ளும்."

ஒருத்தர் விசிறிக்கிட்டே நெருப்பு கேக்குறார். இன்னொருத்தர் ஏசி ரூம்ல உக்காந்துக்கிட்டு நெருப்பு கேக்குறார். எனக்கு வந்த கோவத்துல ஆபீஸ் ஆணியெல்லாம் ஓரங்கட்டிட்டு இதை எழுதிக்கிட்டு இருக்கேன். ரெண்டுமே வேணாங்கிறதுதான் நான் சொல்ல வர்றது. ஒண்ணு வெறும் காமெடி, இன்னொண்ணு காமெடி இல்லை.

முதல்ல காமெடியை முடிச்சுருவோம். அண்ணன் சொன்னதுல ஒரு நியாயம் இருக்கு. டல்லாஸ் ஒண்ணும் சைபீரியா இல்லை, கோடையில அங்கயும் நம்ம ஊர் மாதிரி 40 டிகிரியை எட்டிப் பாக்கும். ஆனா 2021 பிப்ரவரியில டெக்சாஸ்ல பனி கொட்டி, மின்சாரக் கட்டமைப்பே படுத்து, லட்சக்கணக்கான வீடு நாள்கணக்கா இருட்டுல உறைஞ்சு கிடந்துச்சே, அப்ப கணப்பு அடுப்பு இருந்தவங்களுக்கு அது உதவுச்சு. குளிர் தாங்க முடியாம வீட்டுக்குள்ள அடுப்புக்கரி மூட்டினவங்க, மூடின கராஜ்ல காரை ஓடவிட்டவங்கன்னு கார்பன் மோனாக்சைடுல செத்துப்போனதும் அதே வாரத்துலதான். ஆக, சூடான ஊர்லயும் என்னைக்காவது ஒருநாள் குளிர் வந்து கொல்லும்னா கணப்பை வச்சுக்கலாம், அதுக்குன்னு கட்டின புகைபோக்கியோட. ஒத்துக்கிறேன்.

மேலூர்ல அந்த ஒருநாள் எது? மார்கழியில விடியக்காலம் ஒரு துண்டைத் தலையில கட்டிக்கிட்டா போதும். நம்ம ஊர்ல கரண்ட் போச்சுன்னா வேர்த்துத்தான் சாகணும். அப்ப கை தேடுறது விசிறியை.

இதுல இன்னொரு வேடிக்கை. கணப்பு அடுப்பைத் தன் ஊர்லயே கண்டு பழகினவங்க மதுரையில என்ன பண்ணாங்கன்னு பாருங்க. அமெரிக்கன் மதுரை மிஷன்காரங்க 1834ல மதுரைக்கு வந்தாங்க. வெயிலும் காய்ச்சலும் காலராவும் குடும்பம் குடும்பமா வாரிக்கிட்டுப் போச்சு. தப்பிக்க மலை தேடி சிறுமலையில பங்களா கட்டிப் பாத்தாங்க, அங்கயும் காய்ச்சல் விடலை. கடைசியா 1845ல கொடைக்கானல்ல போய் முதல் ரெண்டு பங்களாவைக் கட்டினாங்க. இன்னைக்கும் கொடைக்கானல் பழைய பங்களாக்கள்ல கணப்பு அடுப்பையும் கூரைக்கு மேல நீட்டிக்கிட்டு நிக்கிற புகைபோக்கியையும் பாக்கலாம். ஏழாயிரம் அடி உயரத்துல அதுக்கு வேலை இருக்கு. கீழ சமவெளியில எவனுக்கு அது வேணும்? மதுரையில உருப்படியா வீடு கட்டின எல்லாரும் சூட்டை வெளியேத்தத்தான் மண்டையை உடைச்சுக்கிட்டாங்க. முற்றம், தடிச் சுவர், உசரமான கூரை, திண்ணை எல்லாமே அதுக்குத்தான். திருமலை நாயக்கர் மகால் தூண் உசரத்தை அண்ணாந்து பாத்தவங்களுக்கு நான் விளக்க வேணாம்.

அந்தக் கொடைக்கானல் பங்களாவைப் பத்தி யோசிச்சப்பதான் எனக்கு ஒண்ணு உறைச்சுச்சு. துரை குளிர் காயறதுக்கு வாரத்துல நாலு நாள் மூட்டின நெருப்புக்கு செங்கல்லுல தனியா ஒரு புகைபோக்கி. நம்ம வீட்டுல வருஷம் முழுக்க மூணு வேளையும் எரிஞ்ச நெருப்புக்கு? ஓட்டு இடுக்குதான். அது வழியா போனது போக மிச்சம் ஒரு பொம்பளையோட நெஞ்சு.

இனிமே காமெடி இல்லை.

எங்க அப்பத்தா பதினாறு வயசுல அந்த அடுப்படிக்குள்ள வந்துச்சு. ரெட்டை அடுப்பு, பக்கத்துல ஒரு கொடி அடுப்பு. மேல பரண்ல விதைக்கு வச்ச சோளக்கதிர் தொங்கும், புகை பட்டா பூச்சி வராது. விறகு பெரும்பாலும் சீமைக்கருவேலம், மழைக்காலத்துல ஈர விறகு. வீட்டுக்கு காஸ் வந்தது நான் பொறக்குற சமயத்துல. காஸ் வந்ததும் விறகடுப்பு போயிருச்சுன்னு நினைக்காதீங்க. காப்பிக்கும் அவசரத்துக்கும் காஸ். சோறு, வெந்நீர், இட்லிக் கொப்பரை, கறிக்கொழம்பு எல்லாம் விறகுலதான். கிட்டத்தட்ட அம்பது வருஷம்.

ரெண்டு வருஷம் முன்னாடி மூச்சு விட முடியலைன்னு மதுரையில ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனோம். டாக்டர் என்கிட்ட கேட்ட முதல் கேள்வி, "பாட்டி பீடி, சுருட்டு ஏதாவது பிடிப்பாங்களா?" அப்பத்தாவுக்கு வந்துச்சே கோவம். "வெத்தலையத் தவிர வேற ஒண்ணும் கெடையாது." டாக்டர் அடுத்துக் கேட்டது, "அப்ப வீட்டுல விறகடுப்பா?" அப்புறம் ஒரு குழாயைக் கையில கொடுத்து, மூச்சை இழுத்துப் புடிச்சு முடிஞ்ச மட்டும் ஊதச் சொன்னாங்க. அம்பது வருஷமா ஊதாங்குழல் ஊதின அப்பத்தா. மூணு தடவை ஊதிப் பாத்துச்சு. நாலாவது தடவைக்கு முன்னாடி இருமல் புடிச்சுக்கிச்சு. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு, சிஓபிடின்னு சீட்டுல எழுதிக் கொடுத்தாங்க. இப்ப சுருக்குப்பையில வெத்தலையோட சேத்து இன்ஹேலரும் இருக்கு.

இது ஏதோ எங்க வீட்டுக் கதைன்னு தள்ளிராதீங்க. கிர்க் ஸ்மித்னு ஒரு அமெரிக்கப் பேராசிரியர், 1980களோட தொடக்கத்துலயே குஜராத் கிராமங்கள்ல சமைக்கிற பொம்பளைங்களோட உடம்புல கருவியைக் கட்டி புகையை அளந்தவர். அதுவரைக்கும் காத்து மாசுன்னா ஃபேக்டரி, கார், லண்டன்னுதான் நினைச்சுக்கிட்டு இருந்தாங்க. நம்ம சென்னை போரூர் ஸ்ரீராமச்சந்திராவுல கல்பனா பாலகிருஷ்ணன் குழு தமிழ்நாட்டுக் கிராம வீடுகள்லயே இதை அளந்து 2002ல வெளியிட்டாங்க. விறகுல சமைக்கிறவங்க 24 மணி நேர சராசரியா சுவாசிச்ச தூசி ஒரு கன மீட்டருக்கு 200 மைக்ரோகிராமைத் தாண்டுது. காஸ் மாதிரி சுத்தமான எரிபொருள் உள்ள வீடுகள்ல 80 பக்கம். அதே விறகு வீட்டுல சமைக்காதவங்களுக்கு எவ்வளவுங்கிறீங்க? 90 பக்கம்தான்! வீடு ஒண்ணு, அடுப்பு ஒண்ணு, மூச்சு மட்டும் வேற வேற. (இது கொஞ்சம் பெரிய தூசியையும் சேத்த கணக்கு. அதைவிட நுண்ணிய பிஎம் 2.5க்கு உலக சுகாதார நிறுவனம் 2021ல வச்ச 24 மணி நேர வரம்பு 15. சும்மா தெரிஞ்சு வச்சுக்குங்க.) வீட்டுக்குள்ள புகையற அடுப்பால 2020ல மட்டும் உலகத்துல சுமார் 32 லட்சம் பேர் செத்திருக்காங்கன்னு அதே நிறுவனம் கணக்கு சொல்லுது.

அந்த 90ஐயும் 200ஐயும் பாத்ததுல இருந்து எனக்கு ஒரு கேள்வி. விறகடுப்பு வேணும்னு உருகுறவங்க எல்லாம் அந்த வீட்டுல எந்த நம்பர்ல இருந்தாங்க? பெரியப்பா திண்ணையில இருந்தார். அப்பா கூடத்துல பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தார். நான் முற்றத்துல விளையாடிக்கிட்டு இருந்தேன், வாசனை வந்ததும் தட்டைத் தூக்கிட்டு ஓடினேன். நம்ம எல்லாருக்கும் அடுப்புன்னா வாசனை. நானும் ஒண்ணும் யோக்கியன் இல்லை மக்கா. "அப்பத்தா அடுப்பும் ஆட்டுக்கறியும்"னு இதே இடத்துல நானே கொசுவத்தி சுத்தியிருக்கேன். நெறைய பேர் வந்து உருகிட்டுப் போனீங்க. அதுல அப்பத்தா கண்ணைக் கசக்கிக்கிட்டு இருந்ததையும் எழுதியிருந்தேன், ஏதோ அழகு மாதிரி. இப்ப படிச்சா கூசுது.

சரி, ருசி. எங்க போனாலும் இதைத்தான் தூக்கிட்டு வர்றீங்க. மதுரை சுத்துவட்டாரத்துல "விறகடுப்பு பிரியாணி"ன்னு போர்டு மாட்டினா கூட்டம் அம்முது. ருசி இல்லைன்னு சொல்லலை. ஆனா எது ருசின்னு பிரிச்சுப் பாக்கணும்ல? அம்மியில அரைச்ச மசாலா, கனமான சட்டி, தணல்ல அவசரமில்லாம வேகுற கறி, அப்புறம் முக்கியமா பசி. மூடி போட்ட கொழம்புக்குள்ள புகை எவ்வளவு போயிருக்கும்? போன பொங்கலுக்கு ஒரு சோதனை பண்ணோம். ஒரே மசாலா, ஒரே ஆடு. ஒரு சட்டி கொல்லையில விறகுல, இன்னொண்ணு காஸ்ல சிம்ல வச்சு ரெண்டு மணி நேரம். எது எதுன்னு சொல்லாம ஏழு பேருக்குப் போட்டோம். நாலு பேர் தப்பாச் சொன்னாங்க, பெரியப்பா உட்பட. (ஏழு பேர் சாம்பிள் பத்தாதுன்னு எனக்கும் தெரியும், புள்ளியியல் ஆளுங்க அடிக்க வராதீங்க.) சுட்ட கத்திரிக்காய், சுட்ட கருவாடு இதுக்கெல்லாம் நெருப்பு வேணும், மறுக்கலை. அதுக்கு வீட்டுக்குள்ள அடுப்பு எதுக்கு?

இப்ப கொஞ்சம் பொட்டி தட்டுறவன் கணக்கு. ஒரு நாளைக்கு மூணு கிலோ விறகுன்னு வைங்க. காய்ஞ்ச விறகு கிலோவுக்கு சுமாரா 16 மெகாஜூல், மொத்தம் 48. சாதாரண மண் அடுப்புல இதுல பத்துல ஒரு பங்குதான் பாத்திரத்துக்குப் போகும், அதாவது அஞ்சு மெகாஜூலுக்குக் கொஞ்சம் கம்மி. மிச்சம் 43 மெகாஜூல் எங்க போகுது? புகையோட கொஞ்சம் வெளிய போகும். மத்ததெல்லாம் சுவர்ல, மேடையில, காத்துல, சமைக்கிறவங்க உடம்புல. அந்த 43ங்கிறது 12 யூனிட் கரண்டுக்குச் சமம். ஆயிரம் வாட் ரூம் ஹீட்டரை 12 மணி நேரம் ஓடவிட்ட மாதிரி. அதே சமையலை காஸ்ல பண்ணா வீணாப் போறது ஒரு யூனிட்டை ஒட்டி. சித்திரை வெயில்ல மதுரைப் பக்கம் யாராவது ரூம் ஹீட்டர் வாங்கினா கீழ்ப்பாக்கத்துக்குப் போகச் சொல்லுவோமா மாட்டோமா?

பழைய வீட்டுல அப்படித்தானே இருந்துச்சுங்கிறார் பெரியப்பா. இல்லை பெரியப்பா, அங்கதான் தப்பு பண்றீங்க. பழைய வீட்டுல அடுப்படி கடைசியில, முற்றத்தைத் தாண்டி இருந்துச்சு. மேல நாட்டு ஓடு. நூறு இடுக்கு வழியா புகையும் சூடும் வெளிய போச்சு, அப்படியும்தான் அப்பத்தாவுக்கு இந்தக் கதி. இப்ப நீங்க போடப்போறது கான்கிரீட் தளம், பத்துக்குப் பத்து அடுப்படி, ஒண்ணரை அடி வென்டிலேட்டர், அதுல கொசு வலை. கூடத்தையும் அடுப்படியையும் பிரிக்கிற சுவர் கூட கிடையாது, பிளான்ல "ஓப்பன் கிச்சன்"னு போட்டிருக்கு. ஓட்டு வீட்டுக்குன்னு இருந்த அடுப்பைத் தள வீட்டுக்குள்ள வச்சா முன்னைவிட மோசமாத்தான் இருக்கும். பகல் பூரா வெயில்ல காஞ்ச தளம் ராத்திரி பூரா சூட்டை இறக்கிக்கிட்டு இருக்குறப்ப, கீழ இருந்து இது வேற.

"அப்ப புகையில்லா அடுப்பு கட்டிப் புகைபோக்கி வைப்போம்"னார் அப்பா, சமாதானமா. இதுவும் பழைய கதைதான். ஹைதராபாத்ல எஸ்.பி.ராஜுங்கிற இன்ஜினியர் 1953லயே புகையில்லா அடுப்பைப் பத்தி புஸ்தகமே போட்டாரு. 1980கள்ல மத்திய அரசு தேசியத் திட்டமா எடுத்து கோடிக்கணக்குல அடுப்பு கொடுத்து, 2002ல கைவிட்டாங்க. ஒடிசாவுல எஸ்தர் டுஃப்லோ (ஆமா, 2019ல நோபல் வாங்கினாங்களே அவங்கதான்) குழு புகைபோக்கி வச்ச அடுப்பைக் கொடுத்து வருஷக்கணக்கா கூடவே போய்ப் பாத்தாங்க. முதல் வருஷம் புகை குறைஞ்சது. அப்புறம் விரிசல் விட்டு, குழாய் அடைச்சு, யாரும் சுத்தம் பண்ணாம பழையபடி ஆயிருச்சு. நுரையீரல்ல எந்த முன்னேற்றமும் தெரியலை. புகைபோக்கி வைக்கிறது பெரிசில்லை, மாசாமாசம் அந்தக் கரியைத் தோண்டி எடுக்கப்போறது யாருங்கிறதுதான் கேள்வி. எங்க வீட்டுல டேங்க் கழுவவே நாலு மாசம் சண்டை நடக்கும்.

எதிர்த்தரப்புக்கு ஒரு பாயிண்டை நானே எடுத்துத் தர்றேன், நாளைக்கு யாராவது தோண்டி எடுத்துட்டு வந்து கும்முறதுக்கு முன்னாடி. தமிழ்நாட்டுல விழுப்புரம், நாகப்பட்டினம் பக்கமும் இன்னும் மூணு நாட்டுலயும் கர்ப்பிணிகளுக்கு காஸ் கொடுத்து ஒரு பெரிய ஆய்வு நடந்துச்சு, ஹாப்பின்னு பேரு. மொத்தம் 3200 பேர். அவங்க சுவாசிச்ச நுண்தூசி மூணுல ரெண்டு பங்கு குறைஞ்சது. ஆனா 2022ல முடிவு வந்தப்ப, குழந்தைங்க பொறந்தப்ப இருந்த எடையில சொல்லிக்கிற மாதிரி வித்தியாசம் இல்லை. "பாத்தியா, புகைக்கும் உடம்புக்கும் சம்பந்தமில்லை"ம்பீங்க. அவங்க பாத்தது கர்ப்ப காலத்துல சில மாசம் காஸுக்கு மாறினதோட பலனை. நான் பேசுறது அம்பது வருஷம் புகை குடிச்ச நுரையீரலைப் பத்தி. ரெண்டையும் குழப்பிக்காதீங்க.

இன்னொண்ணையும் தெளிவா சொல்லிடுறேன், இல்லைன்னா என்னை மேட்டுக்குடின்னு திட்டுவீங்க. சிலிண்டர் போட காசில்லாம விறகு பொறுக்கி எரிக்கிறவங்களைப் பத்தி நான் ஒரு வார்த்தை சொல்லலை. 2006ல வந்த திமுக அரசு ஏழை வீடுகளுக்கு இலவசமா காஸ் அடுப்பும் இணைப்பும் கொடுத்துச்சு, 2016 மே மாசம் மத்திய அரசு உஜ்வலா திட்டம் ஆரம்பிச்சுச்சு. அடுப்பு வந்தாலும் அடுத்தடுத்த சிலிண்டர் வாங்க முடியாம சுள்ளிக்கே திரும்பினவங்க எங்க தெருவுலயே இருக்காங்க. அவங்களுக்கு வேற வழியில்லை. நான் திட்டுறது ரெண்டு சிலிண்டர் வச்சிருக்குற வீட்டுல, லட்சக்கணக்குல செலவழிச்சு, பாரம்பரியம்னு சொல்லி புகையை மறுபடி குடிவைக்கப் பாக்குறவங்களை. நம்மளைத்தான்.

பாரம்பரியம்னா, லண்டன்காரனுக்கு இல்லாத பாரம்பரியமா? ஒவ்வொரு அறைக்கும் ஒரு கரி அடுப்பு வச்சவன் அவன், அவனுக்கு நிஜமாவே குளிரும். 1952 டிசம்பர்ல அஞ்சு நாள் புகைமூட்டத்துல ஆயிரக்கணக்குல ஜனம் செத்துச்சு. 1956ல சட்டம் போட்டு வீட்டுக் கரிப்புகையைக் கட்டுப்படுத்தினான். அமெரிக்காவுல சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்துல 2016 நவம்பர்ல இருந்து புதுசா கட்டுற வீட்டுல விறகு எரிக்கிற கணப்பு வைக்கவே கூடாதுன்னு விதி. (அண்ணே, உங்க நாடுதான். டெக்சாஸ் வேற நாடுன்னு சொல்லுவீங்க, தெரியும்.) குளிர்ல நடுங்குறவனே எடுத்துப் போட்டதை வேர்வையில நனையுறவன் புடிச்சுக்கிட்டு நிக்கிறோம்.

கடைசியில யாரும் கேக்காத ஆளை நான் கேட்டேன். பத்தியில கயித்துக் கட்டில்ல உக்காந்து வெத்தலை இடிச்சுக்கிட்டு இருந்துச்சு.

"அப்பத்தா, புது வீட்டுல உனக்கு விறகடுப்பு வேணுமா?"

"எனக்கு எதுக்குய்யா? யாரு அதுக்கு முன்னால உக்காரப் போறா?"

"பெரியப்பா உன் ஞாபகமா வைக்கணுங்கிறாரு."

"நான் இன்னும் சாகலயே"ன்னு சொல்லிட்டு திண்ணைப் பக்கம் ஒரு பார்வை பாத்துச்சு. "பொங்கலுக்கு வாசல்ல வைக்கிறதுக்கு மூணு கல்லு கெடந்தாப் போதும். அந்த அம்மிய மட்டும் ஒடைச்சுராம எடுத்து வெளிய வைக்கச் சொல்லு."

பெரியப்பா விசிறியை நிறுத்தினவர் அப்புறம் பேசவே இல்லை. மத்தியானம் இன்ஜினியர் வந்தப்ப மண் அடுப்பு மேடையை அடிச்சுட்டு, அங்க பெரிய ஜன்னலும் எக்ஸாஸ்ட் ஃபேனும் போடச் சொன்னேன். கொல்லையில முருங்கை மரத்துக்கு அந்தப் பக்கம், நாலு பக்கமும் திறந்தாப்ல ஒரு தகரக் கொட்டகை, அதுல ஒரு வெந்நீர் அடுப்பு. கறி ஆக்கணும்னு ஆசைப்படுறவங்க அங்க போய் ஆக்கிக்கலாம், ஊதாங்குழலை நானே வாங்கித் தர்றேன்னு சொல்லியிருக்கேன். ஆம்பளைங்க மட்டும்தான் ஊதணும்னு சித்தி ஒரு கண்டிஷன் போட்டாங்க. அதுக்கு இதுவரைக்கும் யாரும் பதில் சொல்லலை.

அண்ணனோட ஃபயர்பிளேஸ் வரவேண்டிய சுவர்ல இன்வெர்ட்டர் வைக்கிறதா முடிவாயிருக்கு. அவருகிட்ட இன்னும் சொல்லலை, இதைப் படிச்சுத்தான் தெரிஞ்சுக்குவாரு.